கன அளவுக்குச் சூத்திரப் பட்டியல் எதற்கு? மூன்று வெட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுக் காலம் நெருங்கினால் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் கன அளவுச் சூத்திரங்கள் கட்டம் கட்டி வந்துவிடும். கனச்சதுரம், கனச்செவ்வகம், உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம் (உச்சி வெட்டப்பட்ட கூம்பு), உள்ளீடற்ற உருளை என்று வரிசையாக இருக்கும். அவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டத்தை அப்படியே மனப்பாடம் செய்தவரை, பக்கங்கள் சரிந்த ஒரு குழியின் முன்போ படுக்கைவாக்கில் கிடக்கும் ஓர் உருளைத் தொட்டியின் முன்போ நிறுத்திப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாது. அந்த வடிவத்தின் பெயர் பட்டியலில் இல்லையே!

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டியலுக்கு மேலே ஒரே ஒரு விதியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அடிப்பக்கத்தின் பரப்பு, மேற்பக்கத்தின் பரப்பு, சரிபாதி உயரத்தில் கிடையாக வெட்டினால் தெரியும் பரப்பின் நான்கு மடங்கு ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். வந்ததை 6-ஆல் வகுத்து உயரத்தால் பெருக்குங்கள். அதுதான் கன அளவு. பட்டியலில் உள்ள எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வரும். பட்டியலில் இல்லாத பலவும் வரும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கூம்பின் உச்சியில் பரப்பு 0. பாதி உயரத்தில் ஆரம் பாதியாகிவிடுவதால் அங்கே பரப்பு அடிப்பரப்பில் கால் பங்கு. அதன் நான்கு மடங்கு மறுபடியும் அடிப்பரப்பே. ஆக மொத்தம் இரண்டு அடிப்பரப்பு, அதை 6-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. கூம்புக்கு ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சுருக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. கோளத்துக்கு மேலும் கீழும் பரப்பு 0, நடுவில் பை (π, ஏறத்தாழ 3.14) × ஆரத்தின் வர்க்கம், உயரம் இரண்டு ஆரம். நான்கு மடங்கை 6-ஆல் வகுத்து இரண்டு ஆரத்தால் பெருக்கினால் 4/3 × பை × ஆரத்தின் கனம் வந்து நிற்கும். உருளையைச் சொல்லவே வேண்டாம்; மூன்று வெட்டும் ஒன்றே, 1 + 4 + 1 = 6, அதை 6-ஆல் வகுத்தால் அதே பரப்பு.

அரைக்கோளத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பாதி உயரத்தில் ஆரமும் பாதி என்று எழுதிவிடுகிறார்கள். அது கூம்புக்குப் பொருந்தும். நேர்கோட்டில் சரியும் பக்கங்களுக்கு மட்டும் பொருந்தும். அரைக்கோளத்தின் பக்கம் வளைந்தது. பாதி உயரத்தில் வெட்டின் ஆரத்தைப் பித்தாகரஸ் தேற்றத்தால்தான் எடுக்க வேண்டும்: ஆரத்தின் வர்க்கத்திலிருந்து பாதி ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் முக்கால் பங்கு நிற்கும். நான்கு மடங்கு என்றால் 3. அடிப்பக்கத்தின் 1 சேர்ந்து 4. அதை 6-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. ஒரே அடியும் ஒரே உயரமும் கொண்ட கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் அமைவதை இப்படிக் கண்ணால் பார்த்துவிடலாம். விடை சரிதானா என்று பார்க்க இந்த விகிதம் எப்போதும் கைகொடுக்கும். கூம்புக்கு வந்த விடை அரைக்கோளத்தைவிடப் பெரிதாக இருந்தால் எங்கோ பிழை.

இந்த விதி ஏன் இத்தனைக்கும் பொருந்துகிறது என்றால், இந்த உருவங்களில் எல்லாம் உயரம் கூடக் கூடக் குறுக்குவெட்டுப் பரப்பு மாறும் விதம் உயரத்தின் வர்க்கத்தைத் தாண்டுவதில்லை. மும்மடி வரை போனாலும் விதி துல்லியமாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் தோராயம் ஆகிவிடும். ஒரு திண்மத்தை மெல்லிய தகடுகளின் அடுக்காகப் பார்ப்பதே இதன் அடிப்படை. ஒரே உயரமுள்ள இரண்டு உருவங்களில் ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டுப் பரப்பு சமமாக இருந்தால் கன அளவும் சமம் என்பதை இத்தாலியக் கணித அறிஞர் கவாலியேரி 1635-இல் வெளியிட்டார். நாணய அடுக்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தாலும் அதன் கன அளவு மாறுவதில்லை அல்லவா, அதே சங்கதிதான். சாய்ந்த உருளைக்கும் அடிப்பரப்பு × செங்குத்து உயரம். சாய்ந்த நீளத்தைப் போட்டால் விடை கூடிவிடும்.

இது புதிய சரக்கும் இல்லை. மாஸ்கோவில் பாதுகாக்கப்படும் எகிப்தியப் பப்பைரஸ் சுருள் ஒன்று ஏறத்தாழ கி.மு. 1850-ஐச் சேர்ந்தது. அதன் 14-ஆம் கணக்கு, உச்சி வெட்டப்பட்ட சதுரப் பிரமிடைப் பற்றியது: அடி 4, மேல் 2, உயரம் 6. விடை 56 என்று அதில் சரியாக இருக்கிறது. நம் விதியில் போட்டால் அடி 16, மேல் 4, நடுப்பக்கம் 3 ஆதலால் நடுப்பரப்பு 9, அதன் நான்கு மடங்கு 36. கூட்டினால் 56. உயரமும் 6, வகுப்பதும் 6 என்பதால் அதுவே விடை.

நம் நாட்டுக் கணித மரபில் இது இன்னும் அழகாக இருக்கிறது. பாடப் பக்கங்களில் இது வராதது பெரிய குறை. 628-இல் பிரம்மகுப்தர் சரிவான குழிக்கு ஒரு வழி சொன்னார். மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அந்தச் சராசரிப் பக்கங்களால் வரும் பரப்பை ஆழத்தால் பெருக்கினால் நடைமுறை அளவு. மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் சராசரி எடுத்து ஆழத்தால் பெருக்கினால் பருமட்டான அளவு. பருமட்டிலிருந்து நடைமுறை அளவைக் கழித்து, மூன்றால் வகுத்து, அதை நடைமுறை அளவோடு சேர்த்தால் துல்லிய அளவு. பாஸ்கரர் 1150-இல் லீலாவதி என்ற கணித நூலில் இதையே ஒரே படியாக்கினார்: மேல் பரப்பு, கீழ்ப் பரப்பு, இரு பக்கங்களின் கூடுதல்களால் வரும் பரப்பு, மூன்றின் கூட்டுத்தொகையை 6-ஆல் வகுத்து ஆழத்தால் பெருக்கு. பக்கங்களின் கூடுதல் என்பது நடுப்பக்கத்தின் இரு மடங்கு. ஆகவே அந்தப் பரப்பு நடுப்பரப்பின் நான்கு மடங்கு. மேலே சொன்ன விதி அச்சு அசலாக அங்கே இருக்கிறது.

ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். அடியில் 6 மீ. × 4 மீ., மேலே 10 மீ. × 8 மீ., ஆழம் 3 மீ. நடுவில் 8 × 6, அதாவது 48 சதுர மீட்டர். சராசரிப் பக்கத்தால் போட்டால் 48 × 3 = 144 கன மீட்டர். பரப்புகளின் சராசரியால் போட்டால் 24-க்கும் 80-க்கும் நடுவில் 52, மூன்றால் பெருக்க 156. இரண்டுக்கும் வித்தியாசம் 12, அதில் மூன்றில் ஒன்று 4, ஆகவே துல்லியம் 148. மூன்று வெட்டு விதிப்படி 24 + 192 + 80 = 296, அதை 6-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினாலும் 148.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படி நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்த குழியில் பக்கங்களின் சராசரி எடுக்கும் முறை எப்போதும் குறைத்தே காட்டும். பரப்புகளின் சராசரி எப்போதும் கூட்டியே காட்டும். கூட்டும் பிழை, குறைக்கும் பிழையைப் போல இரு மடங்கு. இந்தக் குழியில் ஒன்று 4 குறைவு, மற்றது 8 கூடுதல். வட்ட வாளிக்கும் இதே கதைதான். மேல் விட்டம் 30 செ.மீ., கீழ் விட்டம் 20 செ.மீ., உயரம் 27 செ.மீ. என்றால் துல்லியமான கொள்ளளவு 13.43 லிட்டர். சராசரி விட்டம் 25 என்று வைத்து உருளையாகப் போட்டால் 13.25 லிட்டர். பரப்புகளின் சராசரியால் போட்டால் 13.78 லிட்டர். வாளியில் இந்த வித்தியாசம் சிறிதாகத் தெரிவதால்தான் சராசரி முறை தப்பித்து உலவுகிறது. இரு முனைகளின் அளவும் வெகுவாக வேறுபட்டால் அது தாங்காது. உச்சி கூரான கூம்பில் சராசரி ஆர முறை 25 விழுக்காடு குறைத்துக் காட்டும், சராசரிப் பரப்பு முறை 50 விழுக்காடு கூட்டிக் காட்டும்.

விதியைக் கற்றவரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நடுப்பரப்பு வேண்டும் என்றதும் மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி அந்த இடத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முழு விதியும் சுருங்கிப் பரப்புகளின் சராசரி முறையாகவே மாறிவிடும். 6-ஆல் வகுத்த உழைப்பெல்லாம் வீண். நடுவில் சராசரி எடுக்க வேண்டியது நீளங்களுக்குத்தான். நீளம், அகலம், விட்டம் ஆகியவற்றைச் சராசரி எடுத்து, பிறகு பரப்பைக் கணக்கிட வேண்டும். பக்கம் வளைந்திருந்தால் நடுவில் நேரடியாக அளந்தே ஆக வேண்டும்.

பாடநூலில் இடைக்கண்டத்துக்கு இன்னொரு சூத்திரம் உண்டு. இரு பரப்புகளையும், அவற்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுப்பது. இது சரியே, ஆனால் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: மேலும் கீழும் ஒரே வடிவமாக, ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். பக்க விளிம்புகளை நீட்டினால் அவை ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். மேலே பார்த்த குழியில் 6 : 4-உம் 10 : 8-உம் ஒரே விகிதம் அல்ல. இந்தச் சூத்திரத்தில் போட்டால் 147.8 வரும். கொஞ்சம்தான் வித்தியாசம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் கூரை போன்ற ஒரு மண் குவியலை நினைத்துப் பாருங்கள். அடி 8 மீ. × 4 மீ., மேலே புள்ளி இல்லை, 4 மீ. நீளமுள்ள முகடு, உயரம் 3 மீ. முகட்டுக்குப் பரப்பு 0. வர்க்கமூலச் சூத்திரம் இதைப் பிரமிடு என்று எண்ணி 32 கன மீட்டர் என்று சொல்லும். மூன்று வெட்டு விதியில் நடுவே நீளம் 6, அகலம் 2, பரப்பு 12. 32 + 48 + 0 = 80, 6-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 40. இதைத் துண்டு துண்டாகவும் சரிபார்க்கலாம்: நடுவில் முக்கோணப் பட்டகம் 24, இரு முனைத் துண்டுகளையும் ஒட்டினால் 4 × 4 அடியுள்ள பிரமிடு 16. கூட்டினால் அதே 40. வர்க்கமூலச் சூத்திரத்தை நம்பியவர் ஐந்தில் ஒரு பங்கு மண்ணைக் கணக்கில் விட்டுவிட்டார்.

நடுவில் புடைத்த பீப்பாய்க்கும் இந்த விதியே. வானியலாளர் கெப்ளர் 1615-இல் மதுப் பீப்பாய்களின் கன அளவைப் பற்றித் தனி நூலே எழுதினார். முனை விட்டம் 40 செ.மீ., நடு விட்டம் 50 செ.மீ., நீளம் 60 செ.மீ. என்றால் விட்டங்களின் வர்க்கங்களை வைத்து 1600 + 10000 + 1600 = 13200, 6-ஆல் வகுத்தால் 2200. அதைப் பையின் கால் பங்காலும் நீளத்தாலும் பெருக்கினால் 103.7 லிட்டர். சராசரி விட்டம் 45 என்று போட்டிருந்தால் 8 விழுக்காடு குறைந்திருக்கும். பீப்பாயின் வளைவு எந்த வகை என்பதைப் பொறுத்து இந்த விடை முழுத் துல்லியமாகவோ மிக நெருங்கியதாகவோ இருக்கும். இரண்டிலும் கவலைப்பட ஏதுமில்லை.

விதி எங்கே கைவிடும் என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மனப்பாடம் ஆகிவிடும். படுக்கைவாக்கில் கிடக்கும் உருளையைக் கீழிருந்து மேலாகக் கிடை வெட்டுகளாக எடுத்தால் அடியில் 0, நடுவில் விட்டம் × நீளம், மேலே 0. இந்த முறையில் வரும் விடை உண்மையைவிட 15 விழுக்காடு குறைவு. வெட்டின் அகலம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதே காரணம். அதே உருளையை நீளவாக்கில் தகடுகளாக வெட்டினால் எல்லாத் தகடும் ஒரே வட்டம். கணக்கு உடனே சரியாகிவிடும். எந்தத் திசையில் வெட்டினால் பரப்பு எளிதாக மாறுகிறதோ அந்தத் திசையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மாணவருக்கு ஊட்ட வேண்டும். வளையத்துக்கு, அதாவது காற்றடித்த டியூப் போன்ற வடிவத்துக்கு, கிடை வெட்டும் உதவாது. அதற்குக் குறுக்குவெட்டு வட்டத்தின் பரப்பை, அந்த வட்டத்தின் மையம் சுற்றிவரும் பாதையின் நீளத்தால் பெருக்க வேண்டும்.

படுத்த தொட்டியில் பாதி நிரம்பியிருந்தால் சிக்கல் இல்லை. கால் உயரம் நிரம்பியிருந்தால்தான் கேள்வி. விட்டம் 1.2 மீ., நீளம் 2 மீ., நீர் மட்டம் 0.3 மீ. என்று கொள்வோம். முழுக் கொள்ளளவு 2262 லிட்டர். கால் உயரம் என்பதால் கால் பங்கு, 565 லிட்டர் என்று எழுதினால் தவறு. மையத்திலிருந்து நீர்மட்டத்துக்கு 0.3 மீ., ஆரம் 0.6 மீ. இது சரிபாதி என்பதால் நீர்ப்பரப்பின் இரு ஓரங்களையும் மையத்தோடு இணைத்தால் கோணம் 120 பாகை. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டக்கோணப் பகுதி, 0.377 சதுர மீட்டர். அதிலிருந்து மேலே இருக்கும் முக்கோணத்தைக் கழிக்க வேண்டும்: அடி 1.039 மீ., உயரம் 0.3 மீ., பரப்பு 0.156. மிச்சம் 0.221 சதுர மீட்டர், நீளம் 2 மீட்டரால் பெருக்கினால் 442 லிட்டர். கால் உயரத்தில் 19.6 விழுக்காடு நீர்தான் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 5.2 விழுக்காடு, முக்கால் உயரத்தில் 80.4 விழுக்காடு. வேறு மட்டங்களுக்குக் கோணத்தைக் கால்குலேட்டரில் எடுக்கும்போது அது பாகையில் இருக்கிறதா ரேடியனில் (கோணத்தின் இன்னோர் அலகு) இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் விடை முழுத் தொட்டியையே தாண்டிப் போகும். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், பாகையை 180-ஆல் வகுத்துப் பையால் பெருக்கிவிட்டு மறுபடி போட்டால் போதும்.

உயரம் என்ற சொல்லில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குவியலின் மேல் டேப்பைப் போட்டு அளந்தால் கிடைப்பது சாயுயரம். கூம்பின் ஆரம் 5, சாயுயரம் 13 என்றால் உண்மை உயரம் 12. சாயுயரத்தையே போட்டவர் 8 விழுக்காடு கூடுதலாகச் சொல்வார். ஆனால் குவியல் தட்டையாகப் பரந்திருந்து ஆரம் 12, சாயுயரம் 13 என்றால் உண்மை உயரம் 5 மட்டுமே. அதே தவறு இப்போது 2.6 மடங்கு காட்டும். மண், மணல், தானியம் எல்லாம் தட்டையாகத்தான் குவியும். ஆகவே சாயுயரத்தின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

குவியலின் ஆரத்தை நேராக அளக்க வழியில்லை, சுற்றளவைத்தான் அளக்கலாம். லீலாவதியில் தானியக் குவியலுக்குத் தனி விதியே இருக்கிறது. சுற்றளவின் ஆறில் ஒரு பங்கை வர்க்கமாக்கி உயரத்தால் பெருக்கு என்கிறது. அதாவது சுற்றளவின் வர்க்கம் × உயரம் ÷ 36. பையை 3 என்று கொண்டதன் விளைவு இது. இன்று 36-க்குப் பதில் 37.7 என்று போட்டால் சரியாகிவிடும். பழைய விதி 4.7 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது. சுவரை ஒட்டிய குவியல், உள்மூலையில் குவித்தது, வெளிமூலையைச் சுற்றிக் குவித்தது ஆகியவற்றுக்கும் அங்கே வழி உண்டு. அளந்த சுற்றளவை முறையே 2, 4, 4/3 ஆகியவற்றால் பெருக்கி முழுக் குவியலாக்கி, கணக்கிட்டபின் அதே எண்ணால் வகுக்க வேண்டும். காரணம் வெளிப்படை: சுவரோரம் அரைக் கூம்பு, உள்மூலையில் கால் கூம்பு, வெளிமூலையில் முக்கால் கூம்பு. சுவரைத் தொடும் பகுதியைச் சுற்றளவில் சேர்க்கக் கூடாது.

பிரமிடுக்கு மூன்றில் ஒன்றா, பாதியா என்ற தடுமாற்றமும் பழையதுதான். 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டரின் நூலில் அடிப்பரப்பு × உயரத்தில் பாதி என்றே இருக்கிறது. பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொன்னார். முக்கோணத்துக்குப் பாதி என்பதால் பிரமிடுக்கும் பாதி என்று எழுதும் மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கனச்சதுரத்தின் ஒரு மூலையை உச்சியாக வைத்து, அந்த மூலையைத் தொடாத மூன்று முகங்களையும் அடிகளாகக் கொண்டால் மூன்று சமமான பிரமிடுகள் கனச்சதுரத்தை மிச்சமின்றி நிரப்பும். அட்டையில் மூன்றைச் செய்து சேர்த்துக் காட்டினால் போதும்.

சேர்க்கை உருவங்களில் பெரும்பாலான பிழை கணக்கில் இல்லை, படத்தைப் படிப்பதில் இருக்கிறது. இரு முனையிலும் அரைக்கோளம் உள்ள மாத்திரை வடிவத்தின் மொத்த நீளம் 14, விட்டம் 6 என்றால் உருளைப் பகுதியின் நீளம் 14 அல்ல, 14 − 6 = 8. சரியான விடை 72 பை + 36 பை = 108 பை. மொத்த நீளத்தையே உருளைக்குப் போட்டால் 162 பை, ஒன்றரை மடங்கு. அதேபோல ஆழம் குறைந்த கிண்ணம் அரைக்கோளம் அல்ல, கோளத்தின் ஒரு துண்டு. அதன் வாய் ஆரமும் கோளத்தின் ஆரமும் வேறு. வாய் ஆரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, ஆழத்தின் வர்க்கத்தைக் கூட்டி, ஆழத்தாலும் பையாலும் பெருக்கி, 6-ஆல் வகுப்பதே வழி. வாய் ஆரம் 12 செ.மீ., ஆழம் 4 செ.மீ. என்றால் 938 கன செ.மீ. வரும்.

தடிப்பைப் பற்றி ஒரு சொல். வெளியே சுற்றளவு அளந்து உள்ளே கொள்ளளவு சொல்லக் கூடாது. ஆரத்திலிருந்து சுவரின் தடிப்பைக் கழிக்க வேண்டும், விட்டத்திலிருந்து என்றால் இரு முறை. குழாயில் உள்ள பொருளின் கன அளவுக்கு, சராசரிச் சுற்றளவு × தடிப்பு × நீளம் என்ற குறுக்குவழி தோராயம் அல்ல, முழுத் துல்லியம். கோள ஓட்டுக்கு அப்படி இல்லை. நடு ஆரத்தின் பரப்பைத் தடிப்பால் பெருக்கினால் சற்றுக் குறையும். ஓடு மெல்லியதாக இருந்தால் அந்தக் குறை தெரியாது.

அலகுகளால்தான் விடைகள் நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் பிசகுகின்றன. 5 மீ. × 4 மீ. தளம், தடிப்பு 12 செ.மீ. என்றால் 5 × 4 × 0.12 = 2.4 கன மீட்டர். 12 என்றே போட்டால் 240. நீளத்தில் 1 மீட்டர் 100 செ.மீ. என்றால் கன அளவில் 1 கன மீட்டர் 10 லட்சம் கன செ.மீ.; அதுவே 1000 லிட்டர். 1 கன அடி 1728 கன அங்குலம், 28.32 லிட்டர். ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டால் உருளையில் 4 மடங்கு, கோளத்தில் 8 மடங்கு. விடை இந்த மடங்குகளில் பிசகியிருந்தால் எங்கே தேட வேண்டும் என்பது உடனே புரியும்.

பைக்கு 22/7 போடலாமா, 3.14 போடலாமா என்று வீணாக வாதாடுகிறார்கள். 22/7 என்பது 0.04 விழுக்காடு கூடுதல், 3.14 என்பது 0.05 விழுக்காடு குறைவு. 100 செ.மீ. விட்டத்தை 1 செ.மீ. பிசகாக அளந்தால் பரப்பில் 2 விழுக்காடு போய்விடும். இடையில் எண்ணைச் சுருக்குவதும் அப்படியே: சுற்றளவு 100 செ.மீ. என்றால் ஆரம் 15.915. அதை 16 என்று எழுதிவிட்டால் பரப்பு 1 விழுக்காடு கூடிவிடும். சுற்றளவை வர்க்கமாக்கி 12.566-ஆல் வகுத்தால் ஆரத்தைத் தொடாமலே பரப்பு கிடைக்கும். அகன்ற, ஆழம் குறைந்த தொட்டியில் ஆழத்தைத்தான் மிகக் கவனமாக அளக்க வேண்டும். 30 செ.மீ. ஆழத்தில் 1 செ.மீ. தவறினால் 3 விழுக்காட்டுக்கு மேல் பிழை. வட்டம் சற்று நசுங்கியிருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு விட்டங்கள் அளந்து, இரண்டையும் பெருக்கி, பையின் கால் பங்கால் பெருக்க வேண்டும்.

எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத கல், வேர், உடைந்த துண்டு போன்றவற்றுக்குத் தண்ணீர் இருக்கிறது. அளவுச் சாடியில் மூழ்கவைத்து மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நீர்ப்பரப்பின் வளைவின் அடியை, கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தட்டி விட வேண்டும். இதைவிட நுட்பமான வழி ஒன்று அச்சில் அதிகம் வருவதில்லை. ஒரு பாத்திரத்தில் நீரை ஊற்றி மின் தராசில் வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீரில் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ, பொருளின் கன அளவு அத்தனை கன செ.மீ. பொருள் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசையால் நீர் அதை மேலே தள்ளுகிறது. அதே விசை பாத்திரத்தைக் கீழே அழுத்துகிறது. பொருள் இரும்பா கல்லா என்பது கணக்கிலேயே வராது. அது அடியைத் தொட்டுவிட்டால் மட்டும் பொருளின் எடையும் சேர்ந்து கணக்கு கெடும். மிதக்கும் பொருளை மெல்லிய கம்பியால் அழுத்தி மூழ்கடிக்கலாம். 30 பாகை செல்சியஸில் 1 மில்லிலிட்டர் நீரின் எடை 0.996 கிராம். அந்த 0.4 விழுக்காடும் வேண்டுமென்றால் தராசின் எண்ணை 0.996-ஆல் வகுத்துக்கொள்ளலாம். நீரை உறிஞ்சும் பொருளுக்கு முதலில் மெழுகோ மெல்லிய உறையோ இட வேண்டும்.

பக்கத்தில் இடம் குறைவாக இருந்தால் விதியோடு இரண்டே கணக்குகளை அச்சிடுங்கள்: முகடுள்ள குவியலும் கால் உயரம் நிரம்பிய படுத்த தொட்டியும். முதலாவதில் மனப்பாடச் சூத்திரம் 32 என்று சொல்லும், விதி 40 என்று சொல்லும். இரண்டாவதில் எந்தத் திசையில் வெட்டுவது என்று மாணவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும். விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாமல் மறுநாள் வெளியிட்டால் நலம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்